வெட்டப்பட்ட வேதாகமம்

1807-இல் லண்டனில் அச்சான ஒரு வேதாகமத்தில், மோசே தன் மக்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டு வந்த கதையைக் காணோம். நம் கத்தோலிக்கர்கள் ‘விடுதலைப் பயணம்’ என்று வாசிக்கும் நூலின் உயிரே அதுதான். கரீபியத் தீவுகளில் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த கறுப்பின அடிமைகளுக்கென்று தயாரான பதிப்பு அது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் சுமார் பாதியும் நீக்கப்பட்டிருந்தன. அடிமைக்கும் சுதந்திரனுக்கும் பேதமில்லை என்கிற கலாத்தியர் வசனமும் போயிற்று. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6-ஆம் அதிகாரப் பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது.

மூன்றே ஆண்டுகளுக்கு முன்புதான், அதே கரீபியக் கடலிலுள்ள ஹெய்தியில் அடிமைகள் பிரெஞ்சுக்காரரை விரட்டித் தனி நாடு கண்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று வெட்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! எஞ்சிய மிகச் சில பிரதிகளில் ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில், அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே சட்டம் தடுத்தது. படித்தால் தண்டனை என்பது நமக்குப் புதிதா என்ன? ஆனாலும் காதால் கேட்டே அவர்கள் வேதத்தை எடைபோட்டார்கள். கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாய்ப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் வேதம் வாசித்துக் காட்டும்போது, அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் தவிர, பவுலின் நிருபங்களைத் தொடவே விடமாட்டார். எஜமானின் போதகர் எப்போதும் பவுலைக் காட்டித்தான் ‘கீழ்ப்படி’ என்பாராம். 1949-இல் வெளியான தம் நூலில் தர்மன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். லண்டன் வெட்டியதற்கு அந்தப் பாட்டி பதில் வெட்டு வெட்டினார் என்றே நாம் சொல்வோம்.

இந்த வாசிப்பைக் கல்விக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் கோன். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969-இல், அவரது முதல் நூல் வந்தது. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிற கிறிஸ்து கறுப்பர்தான் என்றார். கறுப்பினத்தவர் தூக்கிலிடப்பட்ட மரத்தையும் சிலுவையையும் 2011-இல் அருகருகே வைத்தார். இந்தியாவில் 1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் கிளைத்தது.

கோனிடமும் குறை கண்டார் டெலோரஸ் வில்லியம்ஸ். 1993-இல் அவர் எடுத்துக்கொண்டது ஆகாரின் கதை. எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிய அந்த அடிமைப் பெண்ணை, திரும்பிப் போகும்படி தேவதூதனே சொல்கிறான். அங்கே மோசேயும் இல்லை, விடுதலையும் இல்லை. பின்னொரு நாள் பிள்ளையோடு துரத்தப்பட்டு, வனாந்தரத்தில் தண்ணீர் கண்டு பிழைக்கிறாள். வெள்ளையர் வீட்டு வேலையில் ஆயுளைக் கழித்த தம் இனப் பெண்களை அவளிடத்தில் கண்டார் வில்லியம்ஸ்.