மலைச் சைக்கிளுக்குப் பெரிய பிரேக் தட்டு: தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

மும்பைக்கும் புனேக்கும் இடையே ரயிலில் பிரயாணம் செய்தவர்கள் போர் காட் என்னும் மலைச்சரிவை அறிவார்கள். 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இம்மலைப்பாதையில், 37 அடி தூரத்திற்கு 1 அடி என்ற அளவில் தண்டவாளம் சரிந்து இறங்குகிறது. இச்சரிவில் கட்டுப்பாடிழந்து வரும் வண்டியை மேட்டின் மீது ஏற்றி நிறுத்துவதற்கெனத் தனிப் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. இறங்கும் ரயில் அவ்விடத்தில் நின்று, பிரேக் நன்கு வேலை செய்வதைக் காட்டிய பின்னரே மேற்கொண்டு செல்ல வழி திறக்கப்படுகிறது. மலையில் ஏறுவதற்குச் சக்தி வேண்டும். இறங்குவதற்கோ அதனினும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்தாகும்.

ரயிலுக்குப் பொருந்தும் இவ்விதி சைக்கிளுக்கும் பொருந்தும். விக்ரோலி, செம்பூர் முதலிய இடங்களில் வாழும் இளைஞர் பலர் விடுமுறை நாட்களில் சஹ்யாத்ரி மலைச்சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டுவதில் ஈடுபட்டுள்ளனர். அவர்களில் பலர், தங்கள் வண்டியிலுள்ள 160 மில்லிமீட்டர் விட்டமுடைய பிரேக் தட்டினை நீக்கிவிட்டு, 180 அல்லது 203 மில்லிமீட்டர் தட்டினைப் பொருத்த விரும்புகின்றனர். கடைகளில் ‘டிஸ்க்’ என்றும் ‘ரோட்டர்’ என்றும் வழங்கும் இத்தட்டு பெரியதாயின் வண்டி உடனே நின்றுவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதையும், தட்டினை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தட்டு வேலை செய்யும் விதம்

சக்கரத்தின் பக்கத்தில் தட்டு ஒன்றை வைத்து, அதனை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் முறைக்கு 1902-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் எஞ்சினீயர் பிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார். 1953-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தின் லெ மான் பந்தயத்தில், இவ்வகை பிரேக் பூண்ட ஜாகுவார் மோட்டார் வண்டி வெற்றி பெற்றதும் இதன் புகழ் பரவியது. சைக்கிளில் உள்ளதும் இதே தத்துவமே. கைப்பிடியை இழுத்தால் காலிப்பர் என்னும் கவ்வியினுள் உள்ள இரண்டு பேட்கள் தட்டினை இருபுறமும் பற்றுகின்றன. உராய்வினால் சக்கரம் தடைப்படுகிறது.

கதவைத் தள்ளும்போது கீலின் அருகே தள்ளுவதைவிட விளிம்பில் தள்ளுவது எளிது. அதுபோலவே, பேட் பற்றும் இடம் சக்கரத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தடுக்கும் திறன் மிகும். பேட்கள் தட்டின் விளிம்பிற்குச் சற்று உள்ளே பற்றுவதால், 160 மில்லிமீட்டர் தட்டில் இத்தூரம் சுமார் 73 மில்லிமீட்டராகவும், 180-இல் சுமார் 83 ஆகவும், 203-இல் சுமார் 94 ஆகவும் அமைகிறது. ஆகவே, விரலின் அழுத்தம் மாறாதிருக்க, 160-லிருந்து 180-க்கு மாறினால் தடுக்கும் திறன் ஏறக்குறைய 14 சதவீதமும், 203-க்கு மாறினால் ஏறக்குறைய 29 சதவீதமும் கூடும்.

எனினும் இங்கு ஓர் உண்மையை மறக்கலாகாது. வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பே ஆகும். சிறிய தட்டினாலேயே சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்த முடியுமாயின், பெரிய தட்டு அதைவிடக் குறைந்த தூரத்தில் வண்டியை நிறுத்திவிடாது. மழையில் நனைந்த செம்மண் பாதையில் சக்கரம் வழுக்கினால், தட்டின் விட்டம் உதவிக்கு வராது. அவ்வாறாயின் பெரிய தட்டினால் யாது பயன்? விரலுக்குச் சிரமம் குறைவது ஒன்று. அதனினும் முக்கியமானது உஷ்ணத்தைத் தாங்குவது.

உஷ்ணம் எங்கே செல்கிறது?

ஆளும் வண்டியுமாக 90 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், கண்டாளாவிலிருந்து கோபோலி நோக்கிச் சுமார் 500 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். இதில் வெளிப்படும் சக்தி சுமார் 4,41,000 ஜூல் ஆகும். 25 டிகிரி செல்சியஸில் உள்ள 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகமாக இறங்குபவருக்கு இச்சக்தியில் ஒரு பகுதியைக் காற்று ஏற்றுக்கொள்கிறது. பயந்து, பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்குபவருக்கோ ஏறக்குறைய முழுவதும் தட்டிலேயே உஷ்ணமாக மாறுகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், இரு பிரேக்குகளும் சேர்ந்து ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 490 ஜூல் உஷ்ணத்தை ஏற்க வேண்டியிருக்கும். துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியின் உஷ்ணத்தில் இது ஏறக்குறையப் பாதி.

இன்னொரு கணக்கையும் காண்போம். அதே எடை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றிலும் நிற்கும்போது 4,500 ஜூல் சக்தி உஷ்ணமாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 3,000 ஜூலை, முன் தட்டு ஏற்பதாகக் கொள்வோம். உஷ்ணம் வெளியேறாவிடில், 115 கிராம் எடையுள்ள சிறிய எஃகுத் தட்டின் உஷ்ணநிலை சுமார் 52 டிகிரி உயரும். 190 கிராம் எடையுள்ள பெரிய தட்டில் சுமார் 32 டிகிரியே உயரும். மேலும், பெரிய தட்டுக்குக் காற்றுபடும் பரப்பு அதிகமாதலால் அது விரைவில் ஆறவும் செய்கிறது.

உஷ்ணம் மிகுந்தால் பேட்டின் பிடிப்பு தளரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளில் அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. சில நிறுவனங்களின் பிரேக்குகளில் டாட் 4 என்னும் திரவம் பயன்படுகிறது. புதிய நிலையில் இதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்த நிலைக்கு விதிக்கப்பட்ட கொதிநிலை 155 டிகிரியே. திரவம் கொதித்து ஆவியானால், கைப்பிடி தடையின்றி ஹாண்டில்பார் வரை வந்துவிடும், வண்டி நில்லாது. மும்பையின் மழைக்காலத்தையும் கடற்காற்றையும் நோக்குங்கால், பெரிய தட்டு வாங்குவதற்கு முன் பழைய திரவத்தை மாற்றுவது பலருக்கு முதற்கடமையாகும். மினரல் எண்ணெய் நிரப்பும் பிரேக்கில் டாட் திரவத்தையோ, டாட் திரவம் நிரப்பும் பிரேக்கில் எண்ணெயையோ ஊற்றலாகாது. உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

எந்த அளவு யாருக்கு?

சமதரையிலும் நகரச் சாலைகளிலும் ஓட்டுபவருக்கு 160 மில்லிமீட்டர் போதுமானது. மலைச்சாலைகளில் அடிக்கடி இறங்குபவரும், கனத்த உடலினரும், சுமையேற்றிச் செல்பவரும் முன்சக்கரத்திற்கு 180 மில்லிமீட்டர் தட்டினைக் கொள்வது நலம். 70 கொண்டை ஊசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையையோ, 36 வளைவுகளையுடைய உதகை–கல்லட்டிச் சாலையையோ போன்ற நீண்ட இறக்கங்களிலும், கரடுமுரடான செங்குத்துப் பாதைகளிலும் 203 மில்லிமீட்டர் தட்டின் பயன் நன்கு விளங்கும். 29 அங்குலச் சக்கரம் 26 அங்குலச் சக்கரத்தைவிடப் பெரிதாகையால், அதே தட்டு அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவான தடையையே தரையில் அளிக்கும் என்பதையும் கருத வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆதலால் ஒரு தட்டினை மட்டும் மாற்ற வசதியுள்ளவர் முன்தட்டினையே மாற்ற வேண்டும். பின்புறம் அதற்குச் சமமாகவோ ஒரு படி சிறியதாகவோ இருக்கலாம்.

நமது நாட்டில் விற்கப்படும் பல வண்டிகளில் கம்பியால் இழுக்கப்படும் டிஸ்க் பிரேக்கே உள்ளது. இவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு பேட் மட்டுமே அசைந்து, தட்டினைச் சற்று வளைத்து மற்றொன்றின் மீது சேர்க்கிறது. இத்தகைய பிரேக் சரியாகப் பிடிக்காவிடில், முதலில் துருப்பிடித்த கம்பியையும் உறையையும் மாற்றி, அசையாத பேட்டின் இடைவெளியைச் சரிசெய்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே குறை தீர்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன்

முதலாவதாக, முன் ஃபோர்க்கும் சட்டமும் எவ்வளவு பெரிய தட்டினைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். சில ஃபோர்க்குகளுக்கு 180 மில்லிமீட்டரே எல்லை. எல்லையை மீறினால் காலிப்பர் பொருத்தப்படும் காது முறியக்கூடும். சரிவில் முன் ஃபோர்க் முறிவது உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாவதாக, தட்டு ஹப்புடன் இணையும் முறையை அறிய வேண்டும். ஆறு போல்ட்களால் இணைவது ஒரு வகை. பல்வரிசையில் செருகி ஒரே வளையத்தால் பூட்டப்படும் சென்டர்லாக் மற்றொரு வகை.

மூன்றாவதாக, தட்டு பெரிதாகும்போது காலிப்பரும் விலகி அமைய வேண்டுமாதலால், அதற்குரிய அடாப்டர் தேவை. போல்ட் துளைகளின் இடைவெளி 74 மில்லிமீட்டராயின் அது போஸ்ட் மவுண்ட். 51 மில்லிமீட்டராயின் அது ஐ.எஸ். மவுண்ட். 200 மில்லிமீட்டர் தட்டும் 203 மில்லிமீட்டர் தட்டும் ஒன்றல்ல. 200-க்குரிய அடாப்டரில் 203 தட்டினை மாட்டினால் பேட் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பற்றும். தட்டின் விளிம்பு காலிப்பரில் உரசவும் கூடும். மாறாக மாட்டினால் பேட்டின் மேல்விளிம்பு தேயாமல் நின்று, நாளடைவில் இரு பேட்களும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.

நான்காவதாக, ரெசின் பேட்டுக்கு மட்டும் உரியது என்று முத்திரையிடப்பட்ட தட்டில் உலோகப் பேட்களைப் பயன்படுத்தலாகாது. தட்டு விரைவில் தேய்ந்துவிடும்.

பொருத்தும் முறை

சக்கரத்தைக் கழற்றி, பழைய தட்டினை நீக்கி, ஹப்பின் முகத்தைத் துடைக்க வேண்டும். புதிய தட்டில் குறிக்கப்பட்ட அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். ஆறு போல்ட்களையும் முதலில் கையால் செலுத்தி, பின் நட்சத்திர வடிவச் சாவியால் ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுக்கும் அளவு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் என்றும், ஸ்ராம் 6.2 நியூட்டன் மீட்டர் என்றும் குறித்துள்ளன. சென்டர்லாக் வளையத்திற்கு 40 நியூட்டன் மீட்டர் தேவை. கைப்பழக்கத்தை நம்பாமல் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே முறையாகும்.

அடாப்டரை இறுக்கிய பின், காலிப்பரின் இரு போல்ட்களையும் சற்றுத் தளர்வாக விட்டு, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே அவற்றை மாறி மாறி இறுக்குக. எண்ணெய் பிரேக்காயின் காலிப்பர் தானாகவே நடுவில் அமையும். பின்னால் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து நோக்கினால், தட்டின் இருபுறமும் இடைவெளி தெரிய வேண்டும். முன்சக்கர அச்சு குவிக் ரிலீஸ் வகையாயின், அது முழுவதும் உள்ளமர்ந்து உறுதியாகப் பூட்டப்பட்டிருப்பதை மறவாமல் சோதிக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கின் விசை அச்சினைக் கீழ்நோக்கித் தள்ளக்கூடியது.

தட்டினைக் கெரசினாலோ டீசலாலோ துடைக்கும் வழக்கம் நம் கடைகளில் உண்டு. இது பெருந்தவறு. அவற்றிலுள்ள எண்ணெய்ப்பசை பேட்டில் ஊறிவிட்டால் பேட்டினை எறிய வேண்டியதுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியே ஏற்றது. ஓட்டிவந்த உடனே தட்டினைத் தொடுவதும், சுழலும் தட்டின் அருகே விரலை நீட்டுவதும் கூடாது.

புதிய தட்டும் பேட்டும் உடனே முழுத்திறனுடன் பிடிப்பதில்லை. போக்குவரத்தற்ற சமதரையில் மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை, சக்கரம் வழுக்காதபடி பிரேக்கை உறுதியாகப் பிடித்து, இருபது முறை வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னர் சற்று அதிக வேகத்திலிருந்து பத்து முறை. பேட்டின் பொருள் தட்டின் மீது சீராகப் படிந்த பின்னரே பிடிப்பு நிறைவு பெறும். இவ்வேலையைச் செய்யாமல் நேரே மலைக்குச் செல்பவர், பெரிய தட்டுடன் இருந்தும் சிறிய தட்டின் பிடிப்பைக்கூடப் பெறார்.

பின்னரும் கவனிப்பு வேண்டும். 1.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஷிமானோ தட்டு 1.5 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் மாற்றப்பட வேண்டும். மழைக்காலச் சேற்றில் பேட்கள் விரைவில் தேய்வதால் அவற்றையும் அடிக்கடி பார்த்தல் அவசியம்.

இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது பிடித்திராமல், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, வளைவைக் கடந்தபின் விட்டு, தட்டுக்கு ஆற அவகாசம் அளிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் கைப்பிடி மென்மையாகத் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்தி, தட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் வரும் ரயிலே மலைச்சரிவில் நின்று தன் பிரேக்கை நிரூபித்துவிட்டுச் செல்கிறது. தனியே இறங்கும் சைக்கிள்காரரும் மலையுச்சியில் ஒரு நிமிஷம் நின்று, இரு கைப்பிடிகளையும் அழுத்திப் பார்த்து, அச்சையும் போல்ட்களையும் சோதித்த பின் புறப்படுவாராக.