இன்ஜின் மேல் ஒரு கறுப்பு மூடி

கள்ளக்குறிச்சிப் பக்கம் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வண்டி வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். இன்ஜின் முழுமூச்சாக உழைக்கும்; வண்டி ஊர்ந்துதான் போகும். மேலே போய் நிறுத்திவிட்டு பானெட்டைத் தூக்கினால், கம்பெனி பெயர் பொறித்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இன்ஜினை மறைத்துக்கொண்டிருக்கும். “சூட்டை அடைச்சு வைக்கிறதே இதுதான், கழற்றிப் போடுப்பா” என்று பக்கத்தில் நிற்கும் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

சூட்டுக்கும் மூடிக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. இன்ஜினின் வெப்பத்தை வெளியேற்றுபவை கூலன்ட், ரேடியேட்டர், சைலன்சர் வழியே போகும் புகை. கவரைக் கழற்றினாலும் டெம்பரேச்சர் முள் இறங்கிவிடாது.

அப்படியானால் அது எதற்கு? முதலில், காதுக்காக. இன்றைய டீசல் இன்ஜின்களில் எரிபொருள் 1,600 பார், சிலவற்றில் அதற்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான். இன்ஜெக்டர் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கவரைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் விரல் கனத்துக்கு ஃபோம் ஒட்டியிருக்கும். அதன் நுண்துளைகளுக்குள் புகும் ஒலி, உராய்வில் வெப்பமாக மாறிக் கரைந்துவிடும். ஆனால் எல்லா ஒலியும் அதற்குள் சிக்காது. 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 செ.மீ.; 50 ஹெர்ட்ஸுக்கோ ஏறக்குறைய 7 மீட்டர். விரல் கன ஃபோம் 7 மீட்டர் அலையை என்ன செய்துவிடும்? அதனால்தான் டிக்டிக் அடங்குகிறது, மேடு ஏறும்போது வரும் உறுமல் அடங்குவதில்லை.

அடுத்தது கண்ணுக்காக. ஒயர்களும் குழாய்களும் பின்னிக்கிடப்பதை ஷோரூமில் காட்ட எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது. கொஞ்சம் தூசியும் தெறிக்கும் தண்ணீரும் தடுக்கப்படுவது உபரி லாபம். பழைய பஸ்களில் டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் இன்ஜின் பெட்டி அப்படியல்ல. சூட்டிலிருந்தும் சத்தத்திலிருந்தும் ஆட்களைப் பிரிப்பதே அதன் வேலை. (அதன்மேல் உட்கார்ந்து மலையேறியவர்களுக்கு அது எவ்வளவு பிரித்தது என்று தெரியும்.)

ஆக, காரின் இன்ஜின் கவர் இல்லாமல் போனால் பெரும்பாலும் பெரிய நஷ்டமில்லை. அரைகுறையாக மாட்டிய கவர்தான் ஆபத்து. 2025-இல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் அட்லஸ் ரகக் கார்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. இன்ஜின் கவர் தளர்ந்து சூடான பாகத்தில் பட்டால் உருகித் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். கண்ணாடி இழை கலந்த நைலானில்தான் பல கவர்கள் செய்யப்படுகின்றன. நைலான் 6 உருகுவது 220 டிகிரி செல்சியஸ் வாக்கில், நைலான் 66 உருகுவது 260 வாக்கில். மேடேறி வந்த வண்டியின் டர்போ அதைவிட மிக அதிகச் சூடாக இருக்கலாம்.

கவரைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் உருண்டைத் தலை போல்ட்டுகளும் அவற்றைக் கவ்வும் ரப்பர் புஷ்களும்தான். சூட்டில் ரப்பர் இறுகி வெடித்துவிடும். அப்புறம் பள்ளம் மேட்டில் கவர் கடகடக்கும். புஷ் விலை சொற்பம், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம். கழற்றும்போது ஒரே முனையைப் பிடித்து நெம்பக்கூடாது. வண்டி வெதுவெதுப்பாக இருக்கையில் ஒவ்வொரு மூலையாக நேர்மேலே தூக்கினால் கவரின் காது உடையாமல் வரும். துடைக்க ஈரத்துணி போதும். பிரஷர் தண்ணீர் அடித்தால் கவருக்கு அடியில் இருக்கும் இக்னிஷன் காயிலுக்குள்ளும் கனெக்டர்களுக்குள்ளும் ஈரம் இறங்கும். ஃபோமில் ஆயிலோ டீசலோ ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை. கசிவை அடைத்துவிட்டு ஃபோமை மாற்ற வேண்டும்.

கரும்பும் நெல்லும் விளையும் கள்ளக்குறிச்சிப் பக்கம் கவருக்கு அடியில் ஒரு விருந்தாளியும் உண்டு: எலி. ராத்திரியில் வெதுவெதுப்பும் இருட்டும் மெத்தென்ற ஃபோமும் அதற்கு வேறெங்கே கிடைக்கும்? ஃபோமைக் குதறிக் கூடு கட்டும், பக்கத்து ஒயரையும் கடிக்கும். எலியை விரட்டப் புகையிலையைச் செருகி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. காய்ந்த இலையை டர்போ பக்கம் வைப்பது எலியைவிட மோசம். வாரம் ஒருமுறை கவரைத் தூக்கிச் சருகும் உமியும் கிடக்கிறதா என்று பார்ப்பது மேல்.

சில மாடல்களில் ஏர் ஃபில்டரே கவருக்குள்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சாலைப் புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். ஆகவே கழற்றிப் போடச் சொல்பவரிடம், முதலில் கவரைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்.