கரெண்ட் போனால் ஊமை போன்!

‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பார்கள். எங்கள் ஊரின் பேரிலேயே இலுப்பை இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம், இலுப்பூர். விராலிமலை முருகனைத் தரிசித்துவிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினால் நடுவில் வருமே... அதே ஊர்தான்!

அங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் 1994-லிருந்து ஒரு டெலிபோன். அதற்கு அம்மா பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். ஆயுத பூஜை வந்தால் சந்தனம், குங்குமம் வேறு! தெருவிலேயே முதல் போன் என்பதால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எங்கள் வீடுதான் ‘பி.பி. நம்பர்’. “குவைத்திலிருந்து போன்... ஓடியாங்க!” என்று நான் டிராயரைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் மெடலே வாங்கியிருக்கலாம்.

இப்போது நான் சென்னையில் ஒரு ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். ஊருக்குப் போனபோது கணக்குப் பார்த்தேன். மாதா மாதம் பில். அதில் வருகிற அழைப்போ ராங் நம்பர்!

“அப்பா, இந்தப் பழைய லைனை எடுத்துட்டு ஃபைபர் போட்டுடலாம். நெட்டும் வரும், போனும் வரும்.”

அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லா இருக்கிறதை எதுக்குப்பா மாத்துறே?”

சொன்னால் கேட்கிற வயசா எனக்கு? அடுத்த வாரமே ஆள் வந்து, சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதன் பின்னாலேயே பழைய போனின் வயரைச் செருகிவிட்டார். அதே போன், அதே மணி. மழைக்காலத்து ‘கரகர’ மட்டும் மிஸ்ஸிங்! “பரவாயில்லையே...” என்று அப்பாவே சர்டிபிகேட் கொடுத்ததும் நான் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன்.

தூக்கிய காலர் இரண்டே மாதத்தில் இறங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை

மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பத்தரை மணிக்கு பாத்ரூமில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். அப்பா ஓடிவந்து ரிசீவரை எடுத்தார். சத்தமே இல்லை. தட்டிப் பார்த்தார். ஊஹூம்! செல்போனைத் தேடினால் அது ராத்திரியே சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடக்கிறது.

எழுபது வயசு தாண்டிய மனிதர், செருப்பு கூடப் போடாமல் தெருவில் ஓடி, டெய்லர் கடைப் பையனைக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்து... நல்லவேளை, மணிக்கட்டில் விரிசலோடு போயிற்று. இடுப்பாக இருந்தால்? தலையாக இருந்தால்?

எனக்கு விஷயம் தெரிந்தபோது சாயங்காலம் மூன்று மணி. மீட்டிங்கில் உட்கார்ந்து ‘ஜூம்’ பண்ணிக் கொண்டிருந்தேன். ராத்திரி பஸ் பிடித்துப் போய் இறங்கினால், அப்பா திட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்:

“இத்தனை வருஷமா கரெண்ட் போனாலும் அது பேசிட்டிருந்துச்சு தம்பி.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கம்பியிலேயே வந்த கரெண்ட்

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய லேண்ட்லைனுக்கு நம் வீட்டில் பிளக் பாயின்ட் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. பேச்சு வருகிற அதே செம்புக் கம்பியிலேயே மின்சாரமும் வந்துவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பாட்டரிகள், அவற்றுக்குத் துணையாக ஜெனரேட்டர். அங்கிருந்து 48 வோல்ட் சதா சர்வகாலமும் கம்பியில் வந்துகொண்டே இருக்கும். ஊரே இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் ‘கொய்ங்...’ என்று டயல் டோன் வந்த ரகசியம் இதுதான்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஓடுவது வெளிச்சம். வெளிச்சத்தில் செய்தி வரும், கரெண்ட் வராது! சுவரில் மாட்டிய பெட்டிதான் அந்த வெளிச்சத்தைக் குரலாக்கி நம் போனுக்கு அனுப்புகிறது. அதற்குக் கரெண்ட் கொடுக்க வேண்டியது நாம்தான். வீட்டில் கரெண்ட் போனால் பெட்டி தூங்கும். பெட்டி தூங்கினால் போன் ஊமை!

பொட்டலம் பொட்டலமாகப் பேச்சு

அப்படியானால் இந்த இன்டர்நெட் பேச்சு மட்டமா? சும்மா சொல்லக்கூடாது, கில்லாடி சமாசாரம்!

அந்தக் காலத்தில் நீங்கள் பேசினால், பேசி முடிக்கும் வரை ஒரு பாதை முழுக்க உங்களுக்கு மட்டும். தனி கார் வைத்துக்கொண்டு போகிற மாதிரி. அதனால்தான் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் எகிறும்போது நமக்கு வியர்த்தது. இன்டர்நெட் முறையில் குரலை எண்களாக மாற்றி, ஒரு விநாடிப் பேச்சைச் சுமார் ஐம்பது பொட்டலங்களாகக் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதுபோல மற்ற தகவல்களோடு அனுப்பிவிடுகிறார்கள். ஒரே பாதையில் ஆயிரம் பேர் போகலாம். செலவு சுருங்கிவிட்டது.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. ஆனால் அதில் டெலிபோன் பேச அனுமதி 2002 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதுவும் அரைகுறையாக. கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்ளூர் போனுக்குப் பேசக்கூடாது! அந்தத் தடை 2018-ல்தான் விலகியது. இப்போது நீங்கள் 4ஜி செல்போனில் பேசும் சாதாரண அழைப்புகூட பெரும்பாலும் இதே பொட்டலப் பேச்சுதான். தெரியாமலேயே எல்லோரும் மாறிவிட்டோம்!

செல்போன் வந்ததும் லேண்ட்லைனை விரட்டிவிட்டது என்பதும் நிஜம்தான். 2006-ல் இந்தியாவில் சுமார் ஐந்து கோடி இணைப்புகள் இருந்தன. 2020-ல் சுமார் இரண்டு கோடி! இன்று லேண்ட்லைனுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருப்பதே ஃபைபர் புண்ணியத்தில்தான்.

வெள்ளைக்காரனும் தடுக்கினான்

இந்தக் ‘கரெண்ட்’ சிக்கலில் நான் மட்டும் வழுக்கவில்லை என்பதில் ஓர் அல்ப ஆறுதல். பிரிட்டனில் பழைய டெலிபோன் முறையை மொத்தமாக மூடிவிட்டு இன்டர்நெட்டுக்கு மாற முடிவு செய்தார்கள். அங்கே தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார்கள். விழுந்துவிட்டால் அழுத்த வேண்டும். லேண்ட்லைன் வழியே உதவி மையத்துக்குத் தகவல் போகும். லைன் மாறியதும் சிலருடைய பொத்தான்கள் வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில், ‘வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் மாற்றுவதை நிறுத்தி வைக்கிறோம்’ என்று கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. 2025 டிசம்பர் என்றிருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, கரெண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணைக் கூப்பிட கம்பெனி வழி செய்து தரவேண்டும். நமக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? பராமரிப்பு நாளில் எட்டு மணி நேரம் ஆயிற்றே!

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்ததை எங்கள் மாவட்டம் மறக்காது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மரம் விழுந்தால் செம்புக் கம்பியும் அறும், கண்ணாடி இழையும் அறும், அதில் பேதமில்லை. ஆனால் லைன் அறுபடாமல் இருந்தும், ஒரு பாட்டரி இல்லாததால் போன் ஊமையானால் அது நம் தப்பு.

மாற்றுவதற்கு முன்...

ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஊரிலிருக்கும் அப்பா-அம்மாவுக்கு ஃபைபர் புக் பண்ணும் புத்திசாலிகளே, பட்டு அறிந்தவன் சொல்கிறேன்:

* வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால், அதன் லைனில் உள்ள பிளக்கில் பெட்டியை மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், இந்தப் பெட்டிகளுக்கென்றே கைக்கு அடக்கமான யு.பி.எஸ். விற்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். சில மணி நேரம் தாங்கும்.

* இணைப்புத் தருபவரிடம் ஒரு கேள்வி: “உங்க பக்கம் பாட்டரி இருக்கா?” நம் பெட்டிக்கு மட்டும் உயிர் இருந்து பிரயோஜனமில்லை.

* பழைய நம்பர் அப்படியே கிடைக்குமா என்பதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பாங்க், காஸ் என்று எத்தனை இடத்தில் கொடுத்து வைத்திருக்கிறார்களோ!

* ‘அதான் வாட்ஸ்-அப் இருக்கே’ என்று போனையே எடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்-அப்பில் 108-ஐயோ 112-ஐயோ கூப்பிட முடியாது.

* சாதாரண பட்டன் செல் ஒன்றை முழு சார்ஜில் பூஜை அறையில் வைத்துவிடுங்கள். சாமி பார்த்துக்கொள்ளட்டும்!

கடைசியாக ஒன்று. புதுப்பெட்டி மாட்டிய அன்றைக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு கால் பண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

எங்கள் வீட்டுக்கும் குட்டி யு.பி.எஸ். வந்துவிட்டது. போன மாதம் காலை ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம். ஆபீஸில் நாற்காலியில்கூட உட்காரவில்லை, செல் அலறியது. ஊர் நம்பர்! அலறியடித்து எடுத்தேன்.

“என்னப்பா... என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை தம்பி. இங்க கரெண்ட் போயிடுச்சு. அதான் போன் பண்ணேன்!”