மூக்கு அடைத்திருந்த அன்று

2019 மார்ச் மாதம். பாசிர் கூடாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். கடும் சளி, மூக்கு அடைத்து, வாயால்தான் மூச்சு விட்டேன். காலையில் அம்மா கொடுத்த ரசத்தில் புளியும் உப்பும் தெரிந்தன, மிளகு சுள்ளென்று உறைத்தது. ஆனால் ரசம் ரசமாக இல்லை.

வகுப்பில் பக்கத்து இருக்கைத் தோழி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, “என்னமோ கேஸ் வாடை மாதிரி வருதுடி, தலை சுத்துது” என்றாள். நானும் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அன்று எங்களுக்குக் கணக்குச் சோதனை. “நடிக்காதடி” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் எரிந்து நீர் வழிந்தது. தொண்டை கரித்தது. அவளோ, “இப்ப வாடை இல்லை, போயிடுச்சு போல” என்றாள். இரண்டு பேரும் நிம்மதியானோம். அதன் பிறகுதான் அவள் வாந்தி எடுத்தாள்.

அது என்ன நாள் என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவி, மார்ச் 7ஆம் தேதி முதலில் ஆற்றுக்கு அருகிலிருந்த பள்ளி மாணவர்களைத்தான் தாக்கியது. சில நாள்களில் அது பரவி, மார்ச் 13ஆம் தேதி பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றார்கள். பென்சீன், அக்ரோலின் முதலான பொருள்கள் காற்றில் இருந்ததாக அறிவித்தார்கள்.

வாடையே தெரியாத எனக்கு ஏன் எரிந்தது? வாடை தெரிந்த அவளுக்கு ஏன் அது மறைந்தது? பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு உயிரியல் வகுப்பில்தான் இதற்குப் பதில் கிடைத்தது. அன்று விரிவுரையாளர் சொன்ன மற்றவை எதுவும் என் காதில் விழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மணத்தை அறியும் செல்கள் மூக்கின் உச்சியில் ஒரு சிறு பரப்பில் இருக்கின்றன. சளி வழியை மறித்தால் காற்றில் வரும் மூலக்கூறுகள் அங்கே போய்ச் சேராது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவை மட்டுமே. சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி எல்லாம் வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறிய பிறகுதான் ‘ருசி’ ஆகின்றன. அன்று காலை ரசம் தோற்றது அங்கேதான்.

காரம் மட்டும் தப்பியதற்குக் காரணம், அது சுவையும் இல்லை, மணமும் இல்லை. முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பின் மூன்று கிளைகள் கண், மூக்கு, வாய் என்று பரவியிருக்கின்றன. சூடு, குளிர், வலி, எரிச்சல் ஆகியவை அந்த நரம்பின் பொறுப்பு. தொண்டையில் அதே வேலையை வேறு நரம்புகள் செய்கின்றன. மிளகாய் ‘சுடுகிறது’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு அல்ல. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அடையாளம் கண்ட புரதம் ஒன்று, மிளகாயின் கேப்சைசினுக்கும் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் ஒரே மாதிரி விழித்துக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வருவதும், புதினா மிட்டாய் குளிர்வதும் இந்த நரம்பின் வேலைதான்.

அக்ரோலின் நம் அடுப்படிக்குப் புதிதல்ல. எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் புகையில் அது இருக்கிறது. என் அடைத்த மூக்கை அது கடக்கவே வேண்டியதில்லை. கண் திறந்திருந்தது, போதும்.

என் தோழியின் மூக்கு வேறு விதத்தில் ஏமாற்றியது. தொடர்ந்து வரும் வாடைக்கு மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். டுரியான் ஏற்றிய காரில் ஏறியவுடன் இருக்கும் வாடை, பத்து நிமிடத்தில் எங்கே போகிறது? டுரியான் பின்னாலேயேதான் இருக்கிறது. வாடை மறைந்ததை வைத்துக் காற்று சுத்தமாகிவிட்டது என்று முடிவுகட்டினோம். என் கண்ணோ எரிந்துகொண்டே இருந்தது. அவள் மூக்கையும் என் கண்ணையும் சேர்த்துக் கேட்டிருந்தால், சோதனைத் தாளை வைத்துவிட்டு முன்பே வெளியே ஓடியிருப்போம்.

காதும் இப்படிப் பக்கத்து வீட்டை நம்பித்தான் வாழ்கிறது. ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று அசையும் உதடுகளோடு காட்டினால் பலர் ‘டா’ என்று கேட்பதாக மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976இல் எழுதினார்கள். கோவிட் காலத்தில் முகக்கவரி போட்டவர்களிடம் “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தோமே, உதடு தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

இதையெல்லாம் போன விடுமுறையில் தோழியிடம் உற்சாகமாக விளக்கினேன். டிரைஜெமினல், அக்ரோலின், நோபல் பரிசு எல்லாம் சொன்னேன். தேத்தாரிக்கைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“அன்னைக்கு நான் சொன்னப்ப நடிக்கிறேன்னுதானே சொன்ன?” என்றாள்.