குரூஸ் பர்னாந்து கொண்டுவந்த தண்ணீர்

தூத்துக்குடியில் மழை குறைவு. ஆண்டு முழுக்கப் பெய்ததைக் கூட்டினாலும் சராசரியாக 65 செ.மீ. அளவில்தான் நிற்கும். உப்பளத்துக்கு அது நல்லது. குடிதண்ணீருக்குத்தான் இந்த ஊர் தலைமுறை தலைமுறையாக அல்லாடியது. கரையோரத்தில் எங்கே தோண்டினாலும் உவர் நீர். முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் குளியாட்களும் தோணிக்காரர்களும் வியாபாரிகளுமாக ஆயிரக்கணக்கில் மணலில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். காலரா வந்துவிட்டால் கூட்டம் கலைந்து ஓடும். கடலடிப் பாரில் சிப்பி மிச்சமிருந்தாலும் குளிப்பு நின்றுபோகும். முத்து எடுத்த ஊருக்கு நல்ல தண்ணீர் வாய்க்கவில்லை.

அந்தக் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869-இல் பிறந்த பரதவர். 1909-இல் நகராட்சித் தலைவரானார். பிறகும் பலமுறை அந்தப் பொறுப்புக்கு வந்தார். அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 40,000. துறைமுகம் இருந்தது, ஹார்வியின் பஞ்சாலை இருந்தது, ரயில் வந்திருந்தது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. வெளியூரிலிருந்து ரயிலில் வரவழைத்த தண்ணீருக்காக ஜனங்கள் காத்துக் கிடந்த காலமும் உண்டு.

மேற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி, வல்லநாட்டுப் பக்கம் தாமிரபரணி ஓடுகிறது. அங்கிருந்து குழாய் பதித்து ஊருக்குள் ஆற்று நீரைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் விடாமல் முயன்றார். 1920-களின் பிற்பாதியில் அது நிறைவேறியது. 1930-இல் அவர் காலமானார். அவருக்கு ஊர் சிலை வைத்தது, ‘மக்களின் தந்தை’ என்று பெயரும் வைத்தது. பதவியில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். தெருக்குழாயில் குடத்தை வைத்துத் திருகினால் பொதிகை மலைத் தண்ணீர் விழும்படி செய்தவர் அவர் ஒருவர்தான். அதற்கு முன் அந்தக் குடத்தை எங்கெல்லாம் சுமந்துகொண்டு அலைந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் பட்டப்பெயரில் மிகை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஊரின் தொழில் மாறியது. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1974-இல் துறைமுகம் பெருந்துறைமுகமானது. அனல்மின் நிலையம், உர ஆலை, ரசாயன ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கென்றே தனிக்குழாய் போட்டார்கள். ‘20 எம்ஜிடி’ என்று மாவட்டம் முழுக்கத் தெரிந்த திட்டம் அது. ஒரு நாளைக்கு 2 கோடி கேலன், அதாவது 9 கோடி லிட்டருக்கு வகுத்தது.

தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணை. வடகாலும் தென்காலும் அங்கேதான் பிரிகின்றன. 25,000 ஏக்கருக்கு மேல் நெல்லும் வாழையும் அவற்றை நம்பியிருக்கின்றன. அணைக்குள் பல காலமாக மண்ணும் அமலைச் செடியும் சேர்ந்து மேடு தட்டிப்போயின. தூர் வாரச் சொல்லி விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தையும் தொட்டது. கோடையில் வாழை வாடும்போது, நகரில் குழாய்த் தண்ணீர் நாள் தள்ளித் தள்ளி வரும்போது, ஆலைக்குழாய் மட்டும் ஓடுவது நியாயமா என்று கேட்டவர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள் அல்லர். ஆற்று நீரில் முதல் பங்கு யாருக்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. குரூஸ் பர்னாந்து அந்தக் கேள்விக்குக் குடிப்பவருக்கே என்று செயலில் பதில் சொன்னவர்.

2023 டிசம்பரில் நிலைமை தலைகீழானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. வடகாலின் கடைமடையான கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்காக வெள்ளம் நின்றது. மாடியில் நின்றவர்கள் குடிதண்ணீர்ப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார்கள். அவ்வளவு மழையும் ஒரு குடம்கூடத் தங்காமல் கடலுக்குப் போனது. கரை பலப்பட்டு, தூர் வாரப்பட்டு, மறுகால் ஓடை ஆக்கிரமிப்பில்லாமல் இருந்திருந்தால் அதில் ஒரு பங்கையாவது பிடித்திருக்கலாம்.

இன்றைக்கு வல்லநாட்டுப் பக்கமிருந்து புதிய குழாய்களும் வந்துவிட்டன. மாநகராட்சி எல்லை விரிந்துவிட்டது, தேவையும் பெருகிவிட்டது. ஆலைகளுக்காக முள்ளக்காட்டில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டம் பேசப்பட்டது. அதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். நகரின் கழிவுநீரையும் சுத்திகரித்து ஆலைகளுக்கே அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஸ்ரீவைகுண்டத்து ஆலைக்குழாயை மூடிவிட்டு, அந்தத் தண்ணீரை வீட்டுக் குழாய்க்கும் வாய்க்காலுக்கும் திருப்பிவிடலாம்.