முப்பந்தல் காற்றின் விலை

ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு மோட்டாரில் பிரயாணம் செய்யும் நேயர்கள் ஆரல்வாய்மொழியில் இறங்க நேர்ந்தால், அங்கவஸ்திரத்தை இறுகப் பிடித்துக்கொள்வது நல்லது. மேற்கு மலைத்தொடர் முடியும் அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. 1809-ம் வருஷத்தில் வேலுத்தம்பி தளவாயின் காவலை உடைத்துக்கொண்டு ஆங்கிலேயர் படை திருவிதாங்கூருக்குள் புகுந்ததும் இக்கணவாய் வழியாகத்தான். அப்பால் முப்பந்தலில், இசக்கியம்மன் கோயிலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நிற்கின்றன. இவ்வட்டாரத்து யந்திரங்களின் மொத்தத் திறன் சுமார் 1,500 மெகாவாட்.

காற்று இலவசமாக வருகிறதே, மின்சாரம் மட்டும் ஏன் விலை பெறுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். அனல் நிலையத்துக்கு நாள்தோறும் நிலக்கரி வாங்கியாக வேண்டும். காற்றாலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இருபது வருஷச் செலவில் பெரும்பகுதியை முதலிலேயே போட்டுவிட வேண்டும். அதற்கு வட்டிதான் நிலக்கரி. 1990-களில் வருமான வரிச் சலுகையை உத்தேசித்து இங்கே யந்திரம் நாட்டியவர்கள் பலர். அவர்கள் காற்றைப் பார்த்து நாட்டினார்களா, கணக்கரைப் பார்த்து நாட்டினார்களா என்பதை நாம் ஆராயப் புகவில்லை! 2017 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் முதல் ஏலம் விட்டபோது யூனிட்டு ஒன்றுக்கு 3 ரூபாய் 46 காசு கேட்கப்பட்டது. அதே அக்டோபரில் அது 2 ரூபாய் 64 காசுக்கு இறங்கியது. விலை அதிகம் என்ற பழைய ஆட்சேபம் அத்துடன் பெரிதும் வலுவிழந்தது.

வலுவிழக்காத ஆட்சேபம் ஒன்று உண்டு. காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டுகிறது. தை, மாசியில் ஓய்ந்துவிடுகிறது. வேகம் பாதியானால் காற்றின் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஆனி, ஆடியில் விளையும் மின்சாரத்தை மின்வாரியத்திடம் வரவு வைத்து, வேண்டும்போது திரும்பப் பெறும் ஏற்பாடு தோன்றியது. நாஞ்சில் நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்னிப்பூ அறுவடையில் களம் நிறைந்து விலை சரிந்திருக்கையில் ஒரு கோட்டை நெல்லைக் கொடுத்துவிட்டு, தட்டுப்பாட்டுக் காலத்தில் அதே ஒரு கோட்டையைக் கேட்டால் வாங்கியவர் முகம் சுளிக்கமாட்டாரா? வாரியம் சுளிக்கிறது, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு கடைசியில் நம் வீட்டு மின்கட்டணத்தில் வந்து சேராமலிராது. ஆலைக்காரர்களோ, காற்று மிகுந்த நாளில் யந்திரத்தை நிறுத்தச் சொல்வதால் வரும் நஷ்டத்தை யார் தருவார் என்கிறார்கள். அதுவும் நியாயமே.

நமது அபிப்பிராயத்தில் பெரிய விரயம் வேறிடத்தில் இருக்கிறது. முதல்தரமான காற்று வீசும் நிலத்தை, முப்பது வருஷத்துக்கு முந்திய 250 கிலோவாட் யந்திரங்கள் இன்னும் பல இடங்களில் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இக்காலத்து உயர்ந்த யந்திரம் ஒன்று அவற்றில் பத்தின் வேலையைச் செய்யும். மாற்றுவதற்காக ராஜ்ய அரசாங்கம் 2024-ல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆயினும் நீண்ட இறக்கைக்கு அதிக இடைவெளி வேண்டும். அடுத்த நிலம் அடுத்தவருடையது. கடன் தீர்ந்த பழைய யந்திரமோ, சொற்பமானாலும் வருமானம் தருகிறது. புதுக்கடனுக்கு அதன் சொந்தக்காரர் எளிதில் கையெழுத்திடுவாரா?