புனித லாரன்சின் கண்ணீர்

எரிநட்சத்திரம் விழுந்தால் எங்கோ ஓர் உயிர் போகிறது என்று நம் ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மையா?

2023 ஆகஸ்டு 12, சனிக்கிழமை. ஊர் விளக்குகள் எட்டாத ஒரு பாறையில் பாய் விரித்து, எங்கள் பங்கைச் சேர்ந்த ஏழு பேர் வானம் பார்த்துப் படுத்திருந்தோம். நாங்கள் யாரும் வானியல் படித்தவர்கள் அல்ல. எங்களில் ஒருவர் அண்மையில் மனைவியை இழந்த பெரியவர். மனைவி இறந்த இரவில் அவர் ஓர் எரிநட்சத்திரத்தைப் பார்த்தாராம். "நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது" என்று அடிக்கடி சொல்வார்.

உண்மையில் எந்த நட்சத்திரமும் விழுவதில்லை. 1862இல் கண்டறியப்பட்ட 'ஸ்விஃப்ட் டட்டில்' என்ற வால்நட்சத்திரம் ஏறக்குறைய 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. கடைசியாக 1992இல் வந்து சென்றது. அது வழியெங்கும் சிந்திய தூசிக்குள் நம் பூமி ஆண்டுதோறும் நுழைகிறது. மணல் அளவுத் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் மோதி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிகின்றன. ஆகஸ்டு 12, 13 இரவுகளில் இவை அதிகம் தெரியும். ஆகஸ்டு 10 புனித லாரன்சின் திருநாள் என்பதால், ஐரோப்பிய மக்கள் இவற்றை 'புனித லாரன்சின் கண்ணீர்' என்றே அழைத்தார்கள்.

இதைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை. இருளும் பொறுமையும் போதும். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும். இடையில் செல்போனைப் பார்த்தால், மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

நள்ளிரவில் மேகம் மூடியது. இருவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மூன்று மணிக்குத்தான் மேகம் விலகியது. வடகிழக்கில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, சற்று நேரத்தில் இன்னொன்று...

"அப்போ அன்னைக்கு நான் பார்த்ததும் வெறும் தூசிதானா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமாம் ஐயா. அம்மா இறந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அடுத்து ஒன்று கோடு கிழித்தபோது, "நாலு" என்று சத்தமாக எண்ணினார். விடிவதற்குள் பதினான்கு எண்ணிவிட்டார்.

அன்று காலைத் திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, இயேசு கடல்மீது நடந்து வந்த நிகழ்ச்சி. இரவெல்லாம் அலைக்கழிந்த சீடர்களிடம் அவர் வந்தது நான்காம் காவல் வேளையில், அதாவது அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு. வந்தவரைப் பார்த்துச் சீடர்கள் முதலில் பேய் என்றே அலறினார்கள். அஞ்ச வேண்டாத ஒன்றுக்கு அஞ்சுவது நமக்கும் பழக்கம்தானே?

கி.பி. 258இல் உரோமையில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்ஸ், 'திருச்சபையின் செல்வம் எங்கே?' என்று கேட்டவர்கள்முன் ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்கிறது மரபு. துக்கத்தில் இருப்பவரோடு ஓர் இரவு விழித்திருப்பதும் அந்தச் செல்வத்தைப் பேணுவதுதான். அடுத்த ஆகஸ்டில், தனித்திருக்கும் ஒருவரை நாமும் பாறைக்கு அழைத்துச் செல்வோமா?